தினசரி ஷேவிங்குக்கு சவரக்கத்தி வாங்கலாமா? பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க

நொய்யல்_வாசி (திருப்பூர்)

வணக்கங்க. பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் வருகிற வாரத்தில் தினமும் மழித்தாக வேண்டும், மற்ற வாரங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள். எனக்குத் தாடி முடி தடிமன். கழுத்துப் பக்கம் கொஞ்சம் சுருளும். காலேஜில் இருந்தே, தலையை மட்டும் மாற்றுகிற ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். மழித்த அன்றைக்கு முகம் பளபளவென்று இருக்கும். அடுத்த நாள் தாடைக்குக் கீழே, காலர் உரசுகிற இடமாகப் பார்த்துச் சிவப்புச் சிவப்பாகக் கட்டி கிளம்பும். சிலதில் முடி உள்ளேயே சுருண்டு சீழ் வைக்கிறது.

ட்ரிம்மர் போட்டால் கட்டி வருவதில்லை. ஆனால் மீட்டிங்கில் உட்காரும்போது மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி தெரிகிறேன் என்று மேனேஜர் சொல்கிறார். சலூனுக்குப் போகலாம் என்றால் காலை எட்டு மணிக்கு நம்மூரில் எந்தக் கடை காலியாக இருக்கிறது?

இந்த நிலைமையில் மடக்குச் சவரக்கத்தி வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஒரே பிளேடு, அதனால் கட்டி வராது என்கிறார்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செலவில்லை என்கிறார்கள். நிஜமாகவே தினசரிக்கு ஆகுமா? இல்லை, சேஃப்டி ரேசரோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

சிறுவாணிக்காரன் (வடவள்ளி, கோவை)

முதலில் கட்டி ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாங்க. கத்தியா ரேசரா என்பது அதற்கு அப்புறம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடு உள்ள ரேசரில் முதல் பிளேடு முடியைக் கவ்வி லேசாக இழுத்து வெட்டும். இழுபட்ட முடி உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் கீழே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. நேர் முடிக்காரருக்கு இதனால் தொந்தரவு குறைவு. சுருள் முடி வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலிலேயே குத்தி நுழைகிறது, உடம்பு அதை வெளிப்பொருள் என்று நினைத்து வீங்குகிறது. கில்லெட் 1971-இல் இரண்டு பிளேடு கொண்டுவந்தது, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. ஒவ்வொரு முறையும் இன்னும் நெருக்கமான ஷேவ் என்றுதான் விளம்பரம். உங்கள் கழுத்துக்கு அந்த நெருக்கமேதான் வியாதி.

ஒற்றை பிளேடு போதும். அது கத்தியாக இருந்தாலும் சரி, இருபுறமும் வெட்டுகிற சாதாரண பிளேடு போட்ட சேஃப்டி ரேசராக இருந்தாலும் சரி, தோலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டு நாள் தாடி வளர்ந்ததும் கழுத்தை விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி போகிற திசை. கன்னத்தில் கீழ்நோக்கிப் போகும். கழுத்தில் பல பேருக்குக் குறுக்காகவும் மேல்நோக்கியும் போகும். அந்தத் திசையிலேயே ஒருமுறை மழித்துவிட்டு நிறுத்துங்கள். கழுத்தில் எதிர்த்துப் போகவே போகாதீர்கள், தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். சாயங்காலம் லேசாகச் சொரசொரக்கும். சொரசொரத்துவிட்டுப் போகட்டும்.

கத்திப்பித்தன் (ஈரோடு)

சிறுவாணியார் சொன்னதில் ஒரு வரியை மட்டும் திருத்துகிறேன். தோலுக்கு வேண்டுமானால் இரண்டும் ஒன்றாக இருக்கலாம், மனசுக்கு ஒன்றில்லை.

நான் பல வருடமாகச் சவரக்கத்திதான். ஜெர்மனியில் சோலிங்கன் என்று ஒரு ஊர், கத்திக்கே பேர் போனது. அங்கே செய்தது என்னுடையது. முதுகு தடித்து, வயிறு இரண்டு பக்கமும் குழிந்து, வாய்ப்பக்கம் காகிதம் போல் மெலிந்திருக்கும். நன்றாகத் தீட்டிய கத்தி கன்னத்தில் இறங்கும்போது நுரைக்குள் இருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டவன் கார்ட்ரிட்ஜ் பக்கம் போகமாட்டான்.

வாங்குவதென்றால் சில விஷயம் சொல்கிறேன். அகலம் எட்டில் ஐந்து பங்கு அங்குலமோ எட்டில் ஆறு பங்கோ எடுங்கள். முனை உருண்டையாக இருக்கட்டும், சதுர முனை காதுமடலுக்கு ஆகாது. கார்பன் ஸ்டீல் சுலபமாகக் கூர்மை பிடிக்கும், துருவும் சுலபமாகப் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவுக்குத் தாங்கும், ஆனால் கல்லில் அதிக நேரம் கேட்கும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வருகிற மடக்குக் கத்திகளில் முக்கால்வாசி கத்தி வடிவத்தில் இருக்கும் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். நல்ல கத்தியிலுமே கம்பெனியில் இருந்து வரும் கூர்மை முகத்துக்குப் போதாமல் இருப்பது உண்டு. தீட்டிக் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் வார், அதாவது கத்தியை இழுத்துக் கூர்மையைச் சரிசெய்கிற தோல்பட்டை. ஒவ்வொரு ஷேவுக்கு முன்னும் தோல்வாரில் நாற்பது ஐம்பது தடவை இழுக்க வேண்டும். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழும்பாமல் உருள வேண்டும். வாயை முன்னே விட்டால் வார் கிழியும், கத்தியும் போகும். வாருக்கு நம் ஈரோட்டுத் தோலே போதும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இந்தப் பக்கத்துப் பழைய தொழில், குரோம் போட்ட தோலைவிட வாருக்கு அது பாந்தம்.

லேத்துப்பட்டறை (கணபதி, கோவை)

"ஆயுளுக்கும் செலவில்லை" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போங்க.

சேஃப்டி ரேசருக்குச் சாதாரண பிளேடு ஒன்று மூன்று ரூபாய் என்று வையுங்கள். ஒரு பிளேடு நாலு ஷேவ். வருடம் 365 நாளும் மழித்தாலும் 91 பிளேடு, 273 ரூபாய். நல்ல சவரக்கத்தி, தீட்டுகல், வார் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகப் பார்த்தாலும் இருபதாயிரம். அந்தப் பணத்துக்கு எழுபத்து மூன்று வருடம் பிளேடு வாங்கலாம். நொய்யல்வாசிக்கு இப்போது முப்பது என்றால் நூற்று மூன்றாவது வயதில் லாபம் ஆரம்பிக்கும்.

கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால்தான் கத்தி ஜெயிக்கும். ஒரு தலை 150 ரூபாய், பத்து ஷேவ் என்றால் வருடத்துக்கு ஐயாயிரத்து நானூறு, நாலு வருடத்தில் கத்திக் காசு வந்துவிடும். வீடியோவில் சொல்கிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கை மட்டும் காட்டுவார்கள், சேஃப்டி ரேசரை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இனி தீட்டுவதைப் பற்றி. நம்மூரில் கத்தி என்றதும் சாணைக்காரர் நினைவு வரும். தயவுசெய்து சவரக்கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். வாய்ப்பக்கம் அவ்வளவு மெல்லிசு, இரண்டு நொடியில் சூடேறிவிடும். நீலம் ஏறிவிட்டால் கிட்டத்தட்ட 300 டிகிரி போய்விட்டது என்று அர்த்தம், எஃகின் பதம் போச்சு. அதற்கு மேல் எத்தனை தீட்டினாலும் கூர்மை நிற்காது.

கையால், தண்ணீர்க் கல்லில்தான் தீட்ட வேண்டும். கத்தியைப் படுக்கப் போட்டால் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லைத் தொடும். கோணம் கத்தியிலேயே செய்து வைத்திருக்கிறது, நீங்கள் தூக்கவே கூடாது. அடித்தளம் போட 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு), அப்புறம் 4000, 8000, கடைசியில் 12000. தினசரி உபயோகத்தில் உள்ள கத்திக்கு 1000 தேவைப்படாது, சில மாதத்துக்கு ஒருமுறை மேல் கிரிட்டில் தொட்டு எடுத்தால் போதும்.

எல்லாரும் விட்டுவிடுகிற விஷயம் கல் சமமாக இருக்க வேண்டும் என்பது. நாலு தடவை தீட்டினால் நடுவில் குழி விழும். கல் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள், தடிமனான கண்ணாடியில் வாட்டர்பேப்பர் ஒட்டி அதில் தேயுங்கள். கட்டம் மொத்தமாக அழிந்தால் சமம். கணபதி, பீளமேடு பக்கம் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் சர்ஃபேஸ் பிளேட் என்கிற சமதளப் பலகை மேலேயே பேப்பர் வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பஃபிங் சாமான் கடையில் கிடைக்கும் பச்சைக் கட்டியை வாரில் தடவலாமா என்று யாராவது கேட்பீர்கள். பாத்திரத்துக்குப் பளபளப்பு ஏற்றுகிற சரக்கு அது, துகள் ஒரே அளவாக இருக்காது. வேண்டாம்.

கத்திப்பித்தன் (ஈரோடு)

லேத்து அண்ணா, கணக்குப் போட்டு ஆசையைக் கொன்றுவிட்டீர்கள் 😀 புல்லட் வாங்குகிறவனிடம் மைலேஜ் கேட்கலாமா?

லேத்துப்பட்டறை (கணபதி, கோவை)

அவர் மைலேஜ்தானுங்க கேட்டார். பதிவை மறுபடியும் படியுங்கள்.

மூன்றாம்தலைமுறை (கோபிசெட்டிபாளையம்)

எங்கள் அப்பாரு (தாத்தா), அய்யன் (அப்பா), இப்போது நான் என்று மூன்று தலைமுறையாக இதுதான் தொழில். கோபியில் கடை வைத்திருக்கிறேன். நாலைந்து விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

சலூனில் நீங்கள் பார்ப்பது சவரக்கத்தி இல்லை. பார்க்க அதே மாதிரி இருக்கும். சாதாரண பிளேடைக் காகிதத்தோடு நடுவில் ஒடித்து, பாதியைச் செருகி ஆளுக்கு ஆள் மாற்றுகிற பிடி அது. என் சின்ன வயதில் அய்யன் கடையில் நிஜக் கத்திதான். நாற்காலிக் கைப்பிடியில் வார் தொங்கும். நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள். தொண்ணூறுகளில் பிரச்சாரம் ஊர் ஊராக வந்தது. "புது பிளேடு போடுங்க" என்று வாடிக்கையாளர் வாயைத் திறந்து கேட்க ஆரம்பித்ததும் பழைய கத்தி எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தம் இல்லை. எத்தனை கன்னத்தில் ஒரே கத்தி போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

சலூன் பிடியில் பழகினால் கத்தி தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி பிளேடு எடை இல்லாதது, கூர்மை மிகுதி, மூலை இரண்டும் குத்தும். கை கொஞ்சம் நடுங்கினாலும் கோடு விழுந்துவிடும். நிஜக் கத்திக்கு எடை உண்டு, வாய் கொஞ்சம் மன்னிக்கும். ஒன்றில் அழுத்தம் கூடவே கூடாது, இன்னொன்றில் கத்தியின் எடையே வேலை செய்யும். புதிதாக வருகிற பையன்களுக்கு நாங்கள் ஊதின பலூனில் நுரை தடவி மழிக்கச் சொல்வோம். பலூன் வெடித்தால் முகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சவரக்கத்தி என்றதும் "அந்தக் காலத்து ஆம்பளைங்க" என்று வீடியோவில் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் யாரும் தானே மழித்துக்கொள்ளவில்லை. எங்கள் அப்பாரு அடப்பத்தை (சவரச் சாமான் பெட்டியை) தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தார். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து மழிப்பார். கூலி அறுவடைக்கு அறுவடை தானியமாக. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வதும், மங்கல வாழ்த்து பாடுவதும் அவர்தான். ஆனால் திண்ணையில் உட்காரச் சொன்ன வீடு எத்தனை என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். அய்யன் டவுனுக்கு வந்து நாற்காலி போட்டுக் கடை திறந்ததற்கு அதுதான் காரணம். கடைக்கு வருகிறவர் நாற்காலியில் உட்காருவார், இவர் நின்று வேலை செய்வார், முடிந்ததும் ரொக்கம். எங்கள் வீட்டில் அதைத்தான் பெரிய மாற்றமாகப் பேசுவார்கள், பிளேடு மாறினதை இல்லை.

கத்தி பிடித்தவர்கள் வாங்குங்கள், நல்ல பொருள்தான். அந்தக் காலத்தைச் சேர்த்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

கத்திப்பித்தன் (ஈரோடு)

கோபி அண்ணா சொன்னதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் போன அந்தக் கத்தி எல்லாம் இன்னும் இருக்கிறதா?

மூன்றாம்தலைமுறை (கோபிசெட்டிபாளையம்)

இரண்டு இருக்கிறது. விற்பதற்கு இல்லை 🙂

மாத்திரைக்கடை_அக்கா (நாமக்கல்)

ஆம்பிளைகள் பேச்சில் நுழைகிறேன், மன்னிக்கணும். மருந்தாளுநர். எங்கள் ஊர் லாரி ஊர், கோபி தம்பி சொன்ன பிரச்சாரம் இங்கே இன்னும் மும்முரமாக நடந்தது. கூட ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை வகையில் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். அதனால் வீட்டிலும் அப்பா, மகன், அண்ணன், தம்பி என்று யாராக இருந்தாலும் ஒரு ரேசரை இரண்டு பேர் போடக்கூடாது. கத்தி வாங்குகிற வீட்டில்தான் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கத்திக்கு பிளேடு மாற்றுகிற வழி இல்லை. படிகாரமும் அப்படித்தான். சின்ன வெட்டில் ரத்தம் நிற்க நல்லது, ஆனால் அவரவர் கல் அவரவர்க்கு.

சர்க்கரை வியாதிக்காரர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கத்தி ஆசையை விட்டுவிடலாம். எலக்ட்ரிக் ஷேவர் போதும்.

நொய்யல்வாசி தம்பி, சீழ் வைத்த கட்டி இருக்கிற வரைக்கும் எதையும் மாற்றிப் பார்க்காதீர்கள். முதலில் ஷேவ் செய்வதை நிறுத்தி, ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொண்டு ஆறவிடுங்கள். ஊசியால் குத்தி முடியை எடுப்பது, கடையில் வந்து "ஏதாவது க்ரீம் குடுங்கக்கா" என்று ஸ்டீராய்டு கலந்த ட்யூபை வாங்கி முகத்தில் தேய்ப்பது, இரண்டும் வேண்டாம். அந்த ட்யூபால் தோல் மெலிந்து போனவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மேனேஜருக்கு ஒரு பதினைந்து நாள் காய்ச்சல்காரனாகவே தெரிந்துவிட்டுப் போங்கள்.

நொய்யல்_வாசி (திருப்பூர்)

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, அந்த ட்யூப் விஷயத்தில் என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. இன்றோடு நிறுத்தம்.

ஒரு சந்தேகம். நண்பர் ஒருத்தர் பிரஷும் ஷேவிங் சோப்பும் கொடுத்தார். எவ்வளவு சுற்றினாலும் நுரை வரவில்லை, மோர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஒட்டுகிறது. பிரஷ் கோளாறா?

காங்கேயத்துமணி (காங்கேயம்)

பிரஷ் கோளாறு இல்லை மாப்ள, போர் தண்ணிக் கோளாறு. நம் பக்கத்துத் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் உப்பு ஜாஸ்தி. சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்கு ஆகிவிடும், அதுதான் நீ பார்த்த திரிந்த மோர். அந்த நுரை வழுக்காது, எந்த பிளேடு போட்டாலும் முகம் எரியத்தான் செய்யும். வடவள்ளியில் உட்கார்ந்து சிறுவாணித் தண்ணியில் மழிக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டமே புரியாது.

கொதிக்க வைத்தால் பாதி உப்புதான் அடியில் படியும், மிச்சம் அப்படியே இருக்கும். சுலபமான வழி, நுரை அடிக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணி அரை டம்ளர் எடு. இல்லை மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் அது. முகம் கழுவ, ரேசர் அலச போர் தண்ணி போதும். சோப்புக்குப் பதில் க்ரீம் போட்டாலும் கொஞ்சம் சமாளிக்கலாம்.

நுரைக்கு முன்னால் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கழுத்தில் தேய்த்துக்கொள். எங்கள் ஊரில் இதைச் சொல்லாவிட்டால் ஊரை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள்.

கத்திப்பித்தன் (ஈரோடு)

மணி சொன்ன தண்ணீர் விஷயம் கத்திக்காரருக்கு இன்னும் முக்கியம். ஒரு சொட்டு போர் தண்ணீர் கார்பன் ஸ்டீலில் காய்ந்தால் மறுநாள் புள்ளி விழுந்திருக்கும். துடைத்து, வாரில் சுத்தமாக நாலு இழுப்பு இழுத்து, பாத்ரூமுக்கு வெளியே வைக்க வேண்டும். ஆனால் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாள்பட்டால் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. திருப்பூரில் அது கிடைக்காத தெரு உண்டா?

உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதுகில் துரு இருந்தால் பரவாயில்லை. வாய் ஓரத்தில் கருப்பாகக் குழி விழுந்திருந்தால் எந்தப் பேர் பொறித்திருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். தீட்டத் தீட்ட அந்தக் குழியில் பிய்ந்துகொண்டே வரும்.

பழையவிளம்பரம் (சேலம்)

டம்ளர் தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. கில்லெட் கம்பெனி இந்தியாவுக்கு என்று ஒரு ரேசர் தயார் செய்தபோது, முதலில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்களாம், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுவிட்டார்கள். இங்கே கொண்டுவந்து பார்த்தால் ஒரே அடைப்பு. அங்கே குழாயைத் திறந்துவிட்டு அலசினார்கள், இங்கே நம் ஆள் தரையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் தண்ணீரில் மொத்த ஷேவிங்கையும் முடிக்கிறார். அப்புறம்தான் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்து, ஒரே பிளேடு போட்டு, முடி சிக்காதபடி இடைவெளி விட்டு 2010-இல் 'கார்டு' வந்தது. அப்போது ரேசர் பதினைந்து ரூபாய், மாற்றுத் தலை ஐந்து ரூபாய். ஊர் உலகத்துக்கெல்லாம் ஐந்து பிளேடு விற்றவர்கள் நமக்காக ஒன்றுக்கு இறங்கி வந்தார்கள்.

சேஃப்டி ரேசர் பரவின கதையும் அப்படித்தான். கிங் கேம்ப் கில்லெட் 1903-இல் விற்பனையைத் தொடங்கிய வருடம் போனது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். சிப்பாய்கள் ஊர் திரும்பும்போது ரேசரோடு திரும்பினார்கள், கத்தி அதோடு வீட்டை விட்டுப் போனது. பதுங்குகுழியில் வார் தொங்கவிட்டுத் தீட்டிக்கொண்டா இருக்க முடியும்?

நொய்யல்வாசியும் சீசனில் பதுங்குகுழியில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன் 😄

சிறுவாணிக்காரன் (வடவள்ளி, கோவை)

அதுதான் விஷயமுங்க. கத்தி தினசரிக்கு ஆகுமா என்றால் ஆகும். ஆனால் வார் இழுப்பது, துடைப்பது, கல்லைச் சமப்படுத்துவது இதெல்லாம் சேர்த்துத்தான் கத்தி. அதில் சுகம் காண்கிறவருக்குத் தினசரி ஆகும். காலை எட்டு மணிக்கு பையர் போனோடு நிற்கிறவருக்கு ஆகாது. அவசரத்தில் எடுக்கக் கூடாத ஒரே ஷேவிங் சாமான் அதுதான்.

வெளிநாடு, டெல்லி என்று பறக்கிறவராக இருந்தால் இதையும் பாருங்கள். கைப்பையில் கத்தியை விடமாட்டார்கள், சேஃப்டி ரேசரின் தனி பிளேடையும் விடமாட்டார்கள். பயணத்துக்கு மட்டும் ஒரு கில்லெட் கார்டு ரேசரோ, ட்ரிம்மரோ வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்_வாசி (திருப்பூர்)

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி கட்டி ஆறுகிற வரைக்கும் ட்ரிம்மர். அப்புறம் சேஃப்டி ரேசர், நுரைக்கு ஆர்.ஓ. தண்ணீர், முடி போகிற திசையில் ஒரே தடவை. கழுத்து முக்கால்வாசி அடங்கிவிட்டது. தொண்டைக்குழிக்கு இடப்பக்கம் முடி சுழித்துக்கொண்டு போகிறது, அங்கே மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வருகிறது. அந்த இடத்தை ட்ரிம்மரோடு விட்டுவிட்டேன். மேனேஜர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இரண்டு கேள்வி. ஃபெதர் பிளேடுதான் உசத்தி என்கிறார்கள், மாற்றலாமா? பழைய பிளேடை எங்கே போடுவது? வீட்டில் குழந்தை இருக்கிறது.

மூன்றாம்தலைமுறை (கோபிசெட்டிபாளையம்)

ஃபெதர் ரொம்பக் கூர்மை, கை பழகாமல் வேண்டாம். இப்போது போடுவதே ஒத்துப்போகிறது என்றால் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகணும் என்றால் டோபாஸ், வில்கின்சன், அஸ்த்ரா எல்லாம் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள், ஆளுக்கு ஆள் தோல் வேறு. நாலாவது ஷேவில் இழுத்தால் மூன்றோடு தூக்கிப்போடுங்கள். மூன்று ரூபாயைச் சேமிக்கப் போய்க் கழுத்தைக் கெடுக்காதீர்கள்.

லேத்துப்பட்டறை (கணபதி, கோவை)

மூடி இறுகின தகர டப்பா ஒன்று எடுங்கள், மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றிலும் எம்-சீல் வைத்து ஒட்டிவிடுங்கள். உள்ளே போனது வெளியே வராது. நிறைய வருடம் தாங்கும். நிறைந்தால் பழைய இரும்புக் கடையில் டப்பாவோடு கொடுங்கள், என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். குப்பையில் வெறுமனே போட்டால் தூய்மைப் பணியாளர் கையைத்தான் கிழிக்கும், அவர்கள் பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.

கத்திப்பித்தன் (ஈரோடு)

ஒரு ஆளைக் கோட்டை விட்டேன், சரி. ஆவாரம் பட்டைத் தோல் எடுக்க இந்த வாரம் போகிறேன். வார் செய்ய வேறு யாருக்காவது வேண்டுமா? அகலம் இரண்டரை அங்குலம் போதுமா, மூன்று எடுக்கட்டுமா?

லேத்துப்பட்டறை (கணபதி, கோவை)

மூன்று எடுங்கள். கத்தி வாய் முழுக்க ஒரே இழுப்பில் படியும். இரண்டரையில் குறுக்காக இழுக்க வேண்டி வரும், புதுக் கைக்கு அது வராது. எனக்கும் ஒன்று.

மூன்றாம்தலைமுறை (கோபிசெட்டிபாளையம்)

எனக்கு இரண்டு.